ஐந்தாம் குலுக்கலின் வாசம்

786

பண்டாரவளை
20.05.1979

அன்பும் மதிப்பும் உள்ள ஹாஜறா ராத்தாவுக்கு,

தம்பி ஜவுபரின் ஸலாம். நீங்கள், மச்சான், மகள் நதீரா, அவள் சுமக்கிற பிள்ளை எல்லாருடைய சுகத்துக்கும் துஆச் செய்தபடி எழுதுகிறேன். நான் நல்ல சுகம். டிசம்பரில் வந்த காய்ச்சல் போன இடம் தெரியாது. போன நவம்பர் சூறாவளி பிடுங்கின கூரைக்கு நானும் மச்சானும் போட்ட தகரம் கச்சான் காற்றுக்கு ஆடாமல் நிற்கிறதா?

இத்துடன் வருவது தேயிலை. ஆனால் நீங்கள் அறிந்த தேயிலை இல்லை. ஊலாங் என்று பெயர், சீனாக்காரர் குடிக்கிறது. பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது. கொழுந்தை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டில் போட்டு ஐந்தாறு தரம் குலுக்க வேண்டும். குலுக்கக் குலுக்க இலையின் ஓரம் அடிபட்டுச் சிவக்கும். சரியான நேரத்தில் சூடு காட்டி நிறுத்திவிட வேண்டும். அந்த நேரத்தை வாசம்தான் சொல்லும் என்று புத்தகத்தில் இருக்கிறது.

வெளிநாட்டு வியாபாரி ஒருவர் கேட்டிருக்கிறார். கொழுந்து பதமாக்குகிற எங்கள் தேயிலை ஸ்டோரில் இதுவரை யாரும் செய்ததில்லை. தோட்டத்துப் பெரியதுரை என் தலையில் கட்டிவிட்டார். அக்டோபரில் அந்த ஆள் வந்து ருசி பார்ப்பார். பிடித்தால் நான் உதவியாளர் நிலையிலிருந்து ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஆகலாம். பிடிக்காவிட்டால், முப்பத்திநாலு வயதிலும் உதவியாளராகவே கிடக்க வேண்டியதுதான்.

உங்களிடம் ஒரு உதவி. சின்ன வயதில் வாசலில் நின்றே அடுத்த வீட்டு அடுப்பில் எந்த மீன் வேகுது என்று சொல்வீங்களே, அந்த மூக்கு எனக்கு வேண்டும். நாள் முழுக்க ஸ்டோருக்குள் நிற்கிறவனுக்கு மூக்கு மரத்துப்போகும், வெளி மூக்கு ஒன்று இருந்தால் நல்லது. எல்லாத்தையும் கொப்பியில் எழுதி வைக்கிற ஆள்தானே நீங்க, இதையும் எழுதுங்க.

உங்கள் துஆவை நாடும்,
ஜவுபர்


பிஸ்மில்லாஹ்

கல்முனை
04.06.1979

என் கண்ணான தம்பி ஜவுபருக்கு,

ராத்தா ஸலாம் சொல்லி எழுதுவது. றப்புடைய கிருபையால் வீட்டில் எல்லாரும் சுகம். மச்சான் நாவிதன்வெளி வயலுக்குத் தண்ணி கட்டப் போய் மூன்று நாள். நதீராவுக்கு மாதம் நிறைஞ்சிட்டு. தகரம் ஆடவில்லை, நீ அடித்த ஆணி.

உன்ட தேயிலையை வழக்கம்போலக் கேத்தலில் போட்டுக் கொதிக்கவிட்டு, பால் ஊற்றி, சீனி போட்டு, இஞ்சியும் தட்டிப் போட்டேன். வயலுக்குப் போகுமுன் மச்சான் ஒரு மிடறு குடித்துவிட்டு, “என்ன புள்ள, கொள்ளு அவிச்ச தண்ணியா?” என்றார். பாண்டிருப்பிலிருந்து தயிர் கொண்டுவாற செல்லத்தங்கத்துக்கும் ஒரு கோப்பை கொடுத்தேன். “என்னகா ஹாஜறா, உன்ட தம்பி வேலிக் குழையப் பறிச்சிப் பொதி கட்டி அனுப்பிட்டானா?” என்று அவள் சிரித்த சிரிப்பில் தயிர்ச்சட்டி கவிழப் பார்த்தது.

எனக்கு மனம் கேட்கவில்லை. நம்பி அனுப்பின அமானிதம். பாலும் சீனியும் இல்லாமல் திரும்பப் போட்டேன். உப்புக் கரித்தது. அதற்குப் பிறகுதான் விளங்கியது, குற்றம் இலையில் இல்லை. சூறாவளிக்குக் கடல் ஏறின நாளிலிருந்து நம்மட கிணறு சவர்தானே. செல்லத்தங்கத்தின் கிணற்றில் ஒரு குடம் வாங்கி வந்து மூன்றாம் தரம் போட்டேன். அதைத்தான் கொப்பியில் எழுதினேன்: முதலாம் பொதி. பச்சை மணம், வரம்பில் புல்லு செருக்கின மாதிரி. நாக்கின் அடியில் கயர்ப்பு. நிறம் வெளிறல்.

சூட்டிலிருந்து இறக்கும்போது உனக்கு எப்படி மணந்தது என்று எழுதவில்லையே. எழுதினால் நான் ஒத்துப் பார்ப்பேன்.

உன் நல்வாழ்வுக்குக் கையேந்தும்,
ராத்தா


786

பண்டாரவளை
20.06.1979

பாசமுள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் எல்லாருடைய சுகமும் அறிந்து சந்தோஷம். நானும் சுகம்.

இஞ்சி போட்டதைப் படித்துவிட்டுக் கிளார்க் கனகரெத்தினத்தாரும் நானும் வயிறு நோகச் சிரித்தோம். பால், சீனி, இஞ்சி மூன்றும் வேண்டாம். தண்ணி கொதித்து அடங்கினதும் ஒரு கரண்டி இலைக்கு ஒரு கோப்பை ஊற்றி மூன்று நிமிடம் மூடி வையுங்கள். அதே இலைக்கு இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் ஊற்றுங்கள். நல்ல ஊலாங் மூன்றாம் ஊற்றிலும் பேசும். கடைசியில் வடிந்த இலையை விரித்துப் பாருங்கள், நடுப் பச்சையும் ஓரச் சிவப்பும் தெரிய வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு: முதல் பொதி இறக்கும்போது கரும்பச்சையாக இருந்தது. இலையின் முறுக்கு நல்ல முறுக்கு. இம்முறை ஒரு குலுக்கல் கூட்டி இரண்டாம் பொதி செய்கிறேன். நல்ல வெயில் பார்த்துச் செய்ய வேண்டும், அதனால் அடுத்த மாதம் வந்து சேரும். அதையும் பாருங்கள்.

அன்புடன்,
ஜவுபர்


பிஸ்மில்லாஹ்

கல்முனை
14.08.1979

என் தம்பி ஜவுபருக்கு,

நோன்பின் பரக்கத் உனக்கும் கிடைக்கட்டும். உன் உடம்பு எப்படி? ஸஹர் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா? நதீராவுக்கு ஆண் பிள்ளை கிடைத்தது நீ அறிந்ததே. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு ஓயாத வயிற்றுக்குத்து, ஓமத்தண்ணியும் நானுமாக இருக்கிறோம். அதனால்தான் பதில் சுணங்கியது.

இரண்டாம் பொதியை நோன்பில்தான் பார்க்கக் கிடைத்தது. சமைக்கிற பெண் நாக்கு நுனியில் உப்புப் பார்த்துத் துப்பலாம் என்று இடம் இருக்கிறது. தேயிலைக்கு அந்தச் சலுகையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பகலில் காய்ந்த இலையை மணந்து மட்டும் பார்த்தேன். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணி, மஃரிப் தொழுகை. பிறகு கோப்பை. பகல் முழுக்கச் சும்மா கிடந்த நாக்கு பொய் சொல்லாது தம்பி. இனி நோன்பு இல்லாத மாதத்திலும் திங்களும் வியாழனும் சுன்னத்து நோன்பு பிடித்துத்தான் உன்ட தேயிலையைப் பார்க்கப் போகிறேன். மூன்று நிமிடத்துக்கு எனக்கு மணிக்கூடு தேவையில்லை. மூடி வைத்துவிட்டுத் தஸ்பீஹ் மணியை நிதானமாக ஒரு சுற்று எண்ணினால் சாயம் இறங்கி இருக்கும்.

கொப்பியில் எழுதினது: இரண்டாம் பொதி. முதல் ஊற்று, பலாப்பழம் பழுக்க இன்னும் ஒரு நாள் இருக்கும்போது சாக்கைத் தூக்கினால் வருகிற இனிப்பு மணம். கயர்ப்புக் குறைவு. இரண்டாம் ஊற்றிலேயே களைத்துவிட்டது. மூன்றாவது வெறும் சுடுதண்ணி.

பின்னேரம் அஸருக்குப் பிறகு முற்றத்தில் நின்றால் கச்சான் மலைப்பக்கமிருந்துதான் வீசுகிறது. உன்ட கொழுந்தைத் தடவின காற்றுத்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

திரும்பவும் கேட்கிறேன், உனக்கு எப்படி மணந்தது? நிறத்தை நீ சொல்லிவிட்டாய், மணத்தைச் சொல்லவில்லை.

பெருநாளைக்கு உடுக்கச் சாரமும் தின்ன மஸ்கத்தும் ஒரு போத்தல் பன்னீரும் பொதி கட்டி அனுப்பியிருக்கிறேன். தெளித்துக்கொண்டு தொழப் போ.

உன் ராத்தா


786

பண்டாரவளை
29.08.1979

அன்பான ராத்தாவுக்கு,

ஈத் முபாறக். பொதி பெருநாளைக்கு முதல் நாளே கிடைத்தது. சாரம் அளவு. மஸ்கத்தை ஸ்டோர் ஆட்கள் பறித்துத் தின்றார்கள். பன்னீரைத் தலைக்கும் சட்டைக்கும் நல்லாத் தெளித்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். என்ன வாசம்! அறை முழுக்க நம்மட வீட்டுக் கல்யாணம் மாதிரி. தொழுகை முடிந்து கட்டிப்பிடித்து ஸலாம் கொடுக்கும்போது இங்கத்தைய பள்ளிப் பெரியவர் முகைதீன்பாவா ஹாஜியார், “தம்பி, ஊட்டுல புள்ள கிடைச்சிருக்கா?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கல்யாணம் முடிக்காதவனைப் பகிடி பண்ணுகிறார் என்று, “இன்ஷா அல்லாஹ் ஹாஜியார்” என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

அக்டோபர் நெருங்குகிறது. எங்கே நிறுத்துவது என்பது இன்னும் பிடிபடவில்லை. இரண்டாம் பொதி இறக்கும்போது ஓரம் நல்ல செப்பு நிறம். வேறு என்ன எழுத?

ஜவுபர்


(அனுப்பாமல் கொப்பிக்குள் வைத்தது)

கல்முனை
05.09.1979

தம்பி,

இதைத் தபாலில் போடுவேனோ தெரியாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மூன்று கிழமை அடங்கியிருந்த வயிற்றுக்குத்து திரும்பி வந்து, இன்று விடிய பேரன் கத்தினான். சுவர்த் தட்டிலிருந்த போத்தலை எடுத்து ஒரு கரண்டி தீத்தினேன். பிள்ளை கத்துவதை நிறுத்திவிட்டு உதட்டை நக்கினான். வாய் பன்னீர் மணத்தது. போத்தலை மணந்தேன், பன்னீரேதான். இரண்டும் ஒரே மாதிரி நீலப் போத்தல். அப்படியென்றால் ஓமத்தண்ணி எங்கே?

உன்னிடம்.

முதலில் சிரித்தேன். ஓமத்தண்ணியைத் தலையில் தெளித்துக்கொண்டு, நாற்பது நாள் பிள்ளை இருக்கிற வீடு மாதிரி மணந்துகொண்டு நீ பெருநாள் தொழுத கோலத்தை நினைத்தேன். ஹாஜியார் பாவம், உள்ளதைத்தான் கேட்டிருக்கிறார். நதீரா, “என்னம்மா தனியச் சிரிக்கிறீங்க?” என்றாள். அவளுக்குச் சொல்ல வாயெடுத்த இடத்தில்தான் உன்ட கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

ஓமம் மணக்காத மூக்கு உண்டா? என்ன வாசம் என்று எழுதியிருக்கிறாயே. நான் மணத்தைக் கேட்கக் கேட்க நிறத்தைச் சொன்னாயே.

பன்னிரண்டு நாள் என்ட வளவு வெள்ளத்துக்குள் நின்று கிணறு இறைத்தாய், கூரை போட்டாய். திரும்பிப் போனதும் காய்ச்சலில் விழுந்தாய். காய்ச்சல் போகும்போது உன்ட மூக்கையும் கொண்டு போயிருக்கிறது. ராத்தா தன்னால்தான் என்று அழுவாள் என்று மறைத்தாய்.

அழுதேன். நடுப்பகல் ளுஹர் வரைக்கும் அழுதேன். இனி அழுவதால் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.


பிஸ்மில்லாஹ்

கல்முனை
05.09.1979

அன்புத் தம்பிக்கு,

உன் சுகத்தை வேண்டும் ராத்தா. இங்கு எல்லாரும் நலம். பெருநாள் சந்தோஷமாக முடிந்ததை அறிந்து மகிழ்ச்சி.

நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பொதியாக அனுப்பி மாதக்கணக்கில் அலைய வேண்டாம். ஒரே நாள் கொழுந்தை எடுத்து, நாலாம் குலுக்கலில் கொஞ்சத்தை நிறுத்து, ஐந்தாவதில் கொஞ்சம், ஆறாவதில் கொஞ்சம். மூன்றையும் தனித்தனியே கட்டி இலக்கம் போட்டு அனுப்பு. ஒவ்வொன்றையும் நிறுத்தும்போது ஓரம் எவ்வளவு சிவப்பு, கையால் அள்ளினால் சரசரக்கிறதா பட்டு மாதிரி வழுக்குகிறதா, காம்பை மடித்தால் முறிகிறதா வளைகிறதா என்று எழுது. மணத்தை எழுத வேண்டாம். அது என்ட வேலை.

ராத்தா


786

பண்டாரவளை
19.09.1979

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு,

ஸலாம். பேரனின் வயிற்றுக்குத்து சுகமா? நான் சுகம்.

நீங்கள் சொன்னபடி மூன்று பொதி. நாலாவது: ஓரத்தில் நூல் போலச் சிவப்பு, சரசரப்பு, காம்பு முறிகிறது. ஐந்தாவது: மூன்றில் ஒரு பங்கு சிவப்பு, பழைய பட்டுத்துணி மாதிரி, காம்பு வளைகிறது. ஆறாவது: பாதிக்கு மேல் சிவப்பு, ஈரத்துணி மாதிரி.

வியாபாரி அக்டோபர் பத்தாம் திகதி வருகிறார். துரை ஒரு புதுக் கதை சொல்கிறார். நானும் மேசையில் அவர்களோடு நின்று உறிஞ்சித் துப்பி, இது இப்படி, அது அப்படி என்று சொல்ல வேண்டுமாம். செய்தவன் வாயால் கேட்க வேண்டுமாம். எனக்கு அப்படிக் கதைத்துப் பழக்கம் இல்லை. ராத்தா, ஒன்பதாம் திகதி உங்களுக்குக் கடும் சுகவீனம் என்று ஒரு தந்தி அடிக்க முடியுமா? லீவு எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இலையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

ஜவுபர்


பிஸ்மில்லாஹ்

கல்முனை
28.09.1979

என் தம்பிக்கு,

அல்லாஹ் உனக்கு நெஞ்சுறுதியைத் தரட்டும். நான் நல்ல சுகமாக இருக்கிறேன். அதனால் தந்தி அடிக்கமாட்டேன்.

முதலில் தேயிலை. நேற்று வியாழன், நோன்போடு பார்த்தேன். நாலாவது: புல்லு மணம் இன்னும் போகவில்லை. ஆறாவது: நல்ல தேத்தண்ணிதான், ஆனால் கடையில் வாங்குகிற தேத்தண்ணி, சிவப்பு முந்திவிட்டது. ஐந்தாவது, ஜவுபர், ஐந்தாவதை என்னென்று எழுத! மூடியைத் திறந்ததும் பலாப்பழ மணம் வந்தது. அது அடங்கினதும் கீழே இன்னொன்று, புது நெல் அவித்துக் கொட்டின பாயின் மணம். கயர்ப்பே இல்லை. விழுங்கின பிறகு தொண்டையில் இனிப்பு நிற்கிறது. மூன்றாம் ஊற்றிலும் நின்றது. செல்லத்தங்கத்துக்கு ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்தாள். “வேலிக் குழை எண்டு சொன்னத நான் திருப்பி எடுக்கன்கா” என்றாள்.

வடிந்த இலை மூன்றையும் காயவைத்துச் சோற்றுப் பருக்கையால் இந்தத் தாளில் ஒட்டியிருக்கிறேன். கீழே இலக்கம் உண்டு. நடுவில் இருப்பதைக் கண்ணில் பதித்துக்கொள். மூன்றில் ஒரு பங்கு சிவப்பு, பழைய பட்டு, வளைகிற காம்பு. அங்கே நிறுத்து.

இனி மற்றது. உனக்கு மணம் தெரியாது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. என்ட வளவு வெள்ளத்தால் வந்ததென்று நீ மறைத்ததும் தெரியும். அதற்கு அழுது முடித்துவிட்டேன், நீ திரும்பத் தொடங்க வேண்டாம்.

அந்த மேசையில் நின்று தெரியாத மணத்தைத் தெரியுமென்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. லீவில் ஓடி வந்தாலும் அதே பொய்க்கு வேறு சட்டை. மூக்குப் போனது உன்ட குற்றம் இல்லை. கண்ணாலும் கையாலும் செய்தேன், வாசத்தை என் ராத்தா பார்த்தாள் என்று சொல். வேலை போனால் வா, மச்சானோடு வயல் செய். இந்த வீட்டில் உனக்குச் சோறு உண்டு. ஆனால் போகாது என்றுதான் என் மனம் சொல்கிறது.

பத்தாம் திகதி நான் நோன்பு.

உன் ராத்தா


பிஸ்மில்லாஹ்

கல்முனை
05.11.1979

தம்பி ஜவுபருக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாளும் முடிந்தது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் நம்மட படலையைக் கடக்கும்போது இப்போது என்னைப் பார்க்காமல் போகிறார். நான் எழுதினது கூடிப்போய்விட்டதா? எப்படி நடந்தாலும் எழுது. சுகம் என்று மட்டுமாவது எழுது.

ராத்தா


786

பண்டாரவளை
09.11.1979

என் ராத்தாவுக்கு,

ஸலாம். சுகமாக இருக்கிறேன். என்னை மன்னியுங்கள். முடிவு கடதாசியில் கைக்கு வந்த பிறகுதான் எழுதுவது என்று நினைத்திருந்தேன், இன்று வந்தது.

பத்தாம் திகதி காலை துரையிடம் சொன்னேன். முகம் மிளகாயாகிவிட்டது. “மூக்கில்லாத ஆள் என்ட ஸ்டோருக்குள்ள பத்து மாசமா?” என்று கத்தினார். அந்த வியாபாரி வயதான மனிதர். என்ன சத்தம் என்று கேட்டார். கனகரெத்தினத்தார் விளக்கினார். “அப்போ எங்கே நிறுத்துவது என்று யார் சொன்னது?” என்றாராம். உங்கள் கடிதத்தை மேசையில் வைத்தேன். ஒட்டின இலைகளை அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கனகரெத்தினத்தார் பலாப்பழத்தையும் நெல்லுப்பாயையும் இங்கிலீஷில் சொன்னார். மற்ற விஷயத்தைப் படிக்காமல் மடித்துவிட்டார், நல்ல மனிதர்.

பிறகு ருசி பார்த்தார்கள். அவர் நாலாவதை உறிஞ்சித் துப்பினார். ஆறாவதையும் துப்பினார். ஐந்தாவதில் முதல் ஊற்றைத் துப்பினார், இரண்டாவதைத் துப்பினார். மூன்றாம் ஊற்றைத் துப்பவில்லை ராத்தா. விழுங்கிவிட்டார்.

டீமேக்கர் வேலை கிடைக்கவில்லை. அதற்கு மூக்கு வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார், நியாயம்தான். ஆனால் அடுத்த பருவத்துக்கு ஊலாங் கேட்டிருக்கிறார்கள். ஊலாங் செய்கிற அறை ஒரு வருடத்துக்கு என் பொறுப்பு. கடதாசியில் ஒரு நிபந்தனையும் உண்டு: ஒவ்வொரு தொகுதியும் கல்முனையிலிருந்து எழுத்து வந்த பிறகுதான் பெட்டியில் அடைக்கப்படும். துரை கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கொழும்பு டாக்டரிடமும் போனேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். இவ்வளவையும் உங்களிடம் மறைக்காமல் எழுதும்போது நெஞ்சு இலேசாக இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடித்தீங்க என்று கேட்கவில்லை. ஆனாலும் எப்படி?

உங்கள் ஜவுபர்


786

பண்டாரவளை
17.12.1979

ராத்தா,

ஸலாம். அவசரமாக எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

இங்கே நல்ல குளிர். கம்பளிச் சட்டை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அடியில் நீங்கள் பெருநாளைக்கு அனுப்பின பன்னீர்ப் போத்தல், தக்கை கழன்று சட்டையெல்லாம் நனைந்து கிடந்தது. சட்டையை உதறி முகத்துக்குக் கிட்டக் கொண்டு வந்தேன். ஏதோ ஒன்று வந்தது ராத்தா. மூடின கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கதைக்கிற மாதிரி, மெல்ல. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். என்ன இது, என்ன இது என்று தேடினேன். நதீரா பிறந்தபோது உங்கட அறை வாசலில் நான் நின்ற நாள் கண்ணுக்குள் வந்தது.

இது பன்னீர் இல்லை. ஓமம்!

நிலத்தில் இருந்துவிட்டேன். பிறகு ஹாஜியார் ஞாபகம் வந்தது. “ஊட்டுல புள்ள கிடைச்சிருக்கா?” நான் “இன்ஷா அல்லாஹ்” என்றேனே! பள்ளி நிறைந்த சனம் என்னைக் கட்டிப்பிடித்தது, ஒருத்தராவது சொன்னாங்களா? நீங்களாவது சொன்னீங்களா? கேட்காதே என்று எழுதினது இதைத்தானா? நாலு மாதம் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறீங்க. நான் இப்போ தனியச் சிரிக்கிறேன், கனகரெத்தினத்தார் கதவைத் தட்டி, “ஜவுபர், சுகமா?” என்று கேட்கிறார்.

தேயிலை இன்னும் மணக்கவில்லை. காலையில் சுபஹுக்குப் பிறகு ஐந்தாம் குலுக்கலைக் கோப்பையில் ஊற்றி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், சூடு மட்டும்தான். நாளைக்கும் பிடிப்பேன். ஓமம் வந்த வழியால் பலாப்பழமும் வரட்டும்.

அதுவரைக்கும் இந்த ஸ்டோருக்கு ஒரே மூக்குத்தான். மாரி மழையில் தலைக்குத் துணி போடாமல் முற்றத்தில் நிற்காதீங்க.

ஜவுபர்